‘மைல்டு’ என்றால் எதற்கு மைல்டு?

போன வைகாசியில் அக்கா மகளுக்குக் கல்யாணம். அதற்கு இரண்டு மாதம் முன்னால் அவளோடு திருச்சியில் ஒரு பார்லருக்குப் போயிருந்தேன். அவளுக்கு எங்கள் அம்மா வழித் தலைமுடி. அடர்த்தியான சுருட்டை. நனைந்தால் இடுப்பைத் தொடும், காய்ந்தால் தோளுக்கு ஏறிக்கொள்ளும். “சித்தி, எனக்கு நேர்முடி வேண்டாம். சுருள் கொஞ்சம் தளர்ந்தாப் போதும். சீப்பு இறங்கணும், அவ்வளவுதான்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். பார்லரில் ஒரு அட்டையைக் கையில் கொடுத்தார்கள். ரிபாண்டிங், ஸ்மூத்தனிங், கெரட்டின், சிஸ்டீன், ஹேர் போடாக்ஸ், நானோபிளாஸ்டியா. ஆறு பெயர், ஆறு விலை. எது என்ன செய்யும் என்று கேட்டேன். “எல்லாமே மைல்டுதான்க்கா, பயப்படாதீங்க” என்றாள் அங்கிருந்த பெண்.

அந்தச் சொல்தான் உறுத்தியது. மைல்டு என்றால் எதற்கு? முடிக்கா, மண்டைத் தோலுக்கா, மூச்சுக்கா, உடம்புக்குள் இருக்கிற சிறுநீரகத்துக்கா? இந்த நாலுக்கும் ஒரே பதில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் பெரும்பாலும் நாற்காலியில் உட்காருகிறோம். முடியைக் கெடுக்காத ஒன்று உடம்பைக் கெடுக்கலாம். உடம்புக்கு ஒன்றும் செய்யாதது முடியைச் சேமியாவாக்கிவிடலாம். அட்டையில் இருக்கும் பெயரை வைத்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

சங்கப் பாட்டில் கூந்தலுக்கு அடிக்கடி வரும் உவமை அறல். ஆற்றில் தண்ணீர் வடிந்த பிறகு கருமணலில் அலை அலையாக வரி விழுந்து கிடக்குமே, அது. பார்லருக்குப் போகும் சுருட்டை முடிக்காரர்கள் பலருக்கும் வேண்டியது அந்த அறல்தான். சுருள் அவிழ வேண்டும், அலை நிற்க வேண்டும். ஆனால் கடையில் விற்பது பெரும்பாலும் வெட்டிய வாய்க்கால் மாதிரி நேர்க்கோடு. அதனால்தான் ‘கொஞ்சம் தளர்த்துங்கள்’ என்று கேட்டுப் போனவர்கள் குச்சி குச்சியாகத் தொங்கும் முடியோடு திரும்பி வருகிறார்கள்.

முடி ஏன் சுருள்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நேராக முளைக்கும் முடியின் குறுக்குவெட்டு ஏறக்குறைய வட்டம். சுருள் முடியின் குறுக்குவெட்டு நீள்வட்டம். அது முளைக்கிற குழியும் தோலுக்குள் வளைந்திருக்கும். அந்த வளைவிலேயே புரத இழைகள் ஒன்றோடொன்று கட்டுப்பட்டு இறுகிவிடுகின்றன. கட்டுகளில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீர் பட்டாலே விட்டுவிடும், காய்ந்தால் திரும்பப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் அயர்ன் செய்த முடி மழைத்தூறல் பட்டதும் பழையபடி சுருண்டுகொள்வது இதனால்தான். இன்னொன்று இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்து நிற்கும் டைசல்ஃபைடு பிணைப்பு. இது தண்ணீருக்கும் அசையாது, சீப்புக்கும் அசையாது. சுருளை நிரந்தரமாகத் தளர்த்த வேண்டுமென்றால் இதில்தான் கை வைக்க வேண்டும். இதைத் தொடாமல் சுருளை அடக்குகிறேன் என்று சொல்லும் எதுவும் சில மாதத்தில் கழுவிப் போகும்.

ஆக, அட்டையில் எத்தனை பெயர் இருந்தாலும், சுருளை அடக்கும் வேதியியல் குடும்பம் மொத்தமே மூன்றுதான்.

நம் ஊர்ப் பார்லர்களில் ரிபாண்டிங், ஸ்மூத்தனிங் என்று நடப்பதெல்லாம் பெரும்பாலும் முதல் குடும்பம்: தயோகிளைக்கோலேட். டியூபின் பின்பக்கம் ‘அம்மோனியம் தயோகிளைக்கோலேட்’ என்று போட்டிருக்கும். அழுகிய முட்டையும் அம்மோனியாவும் சேர்ந்த வாசனை வந்தால் அதுதான், டியூபைத் திருப்பிப் பார்க்கவே வேண்டாம். காரத்தன்மை பி.ஹெச். 9-ஐ ஒட்டி இருக்கும். அந்தக் காரம் முடியை ஊற வைத்து வீங்க விடும். தயோ உள்ளே போய்க் கந்தகக் கட்டுகளில் ஒரு பங்கை அவிழ்க்கும். பிறகு அலசிவிட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடோ சோடியம் புரோமேட்டோ கலந்த நியூட்ரலைசரைப் போட்டால், அவிழ்ந்த கட்டுகள் அப்போது முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே திரும்பப் பிடித்துக்கொள்ளும். எல்லாம் பிடிக்காது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கட்டு விட்டதுவிட்டதுதான். ஒரே முடியில் மூன்றாவது முறை செய்தால் சவசவவென்று ஆவது இதனால்தான்.

இதில் சுவாரஸ்யமான விஷயம் ஒன்று உண்டு. நேர்முடியைச் சுருட்டுவதற்கு அமெரிக்காவில் 1930களின் கடைசியில் வந்த ‘கோல்டு வேவ்’ பெர்மும் இதே குடும்பம். அதே மருந்தைப் போட்டு உருளையில் சுற்றினால் சுருள், சீப்பால் இழுத்து வைத்தால் நேர். மருந்துக்குத் திசை தெரியாது. அது கட்டை அவிழ்க்கும், அவ்வளவுதான். வடிவம் கொடுப்பது கை. இன்னும் ஒரு படி மேலே போனால், கை கால் முடியை நீக்கும் கிரீம்களிலும் இருப்பது தயோகிளைக்கோலேட்டின் உப்புகளே. பி.ஹெச்.-ஐ 12 பக்கம் ஏற்றியிருப்பார்கள். அந்தக் காரத்தில் முடி கரைந்து, துடைத்தால் வந்துவிடுகிறது. சுருளைத் தளர்த்தும் கிரீமுக்கும் முடியையே எடுத்துவிடும் கிரீமுக்கும் நடுவில் இருப்பது காரத்தின் அளவும் நேரமும்தான். ‘மைல்டு’ என்ற சொல்லை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அறல் கேட்பவர்களுக்கு என் கணக்கில் இந்தக் குடும்பம்தான் சரியான இடம். ஆனால் பார்லர்கள் வழக்கமாகச் செய்யும் முறையில் இல்லை. வழக்கமான முறையில் கிரீம், அலசல், உலர்த்தல், அப்புறம் தட்டை அயர்ன், அதற்குப் பிறகு நியூட்ரலைசர் என்று வரிசை போகும். அந்த அயர்ன்தான் குச்சி முடிக்குக் காரணம். கட்டுகள் அவிழ்ந்து கிடக்கிற நேரத்தில் சூடான தகட்டில் இழுத்தால், முடி அந்தத் தகட்டின் நேர்க்கோட்டையே மனப்பாடம் செய்துகொள்கிறது. தளர்வு மட்டும் வேண்டுமென்றால் அயர்னை விட்டுவிட வேண்டும். பெரிய உருளைகளில் சுற்றி நியூட்ரலைசர் போடலாம். இல்லையென்றால் அகலப் பல் சீப்பால் இழுக்காமல் லேசாக நீவிவிட்டு, முடி தானாக விழுகிற அலையிலேயே நிறுத்தலாம். இதைக் கேட்டால் பல இடங்களில் முகத்தைச் சுளிப்பார்கள். பழக்கமில்லாத வேலை, எவ்வளவு தளரும் என்று உத்தரவாதம் தர முடியாது. அயர்ன் போட்டால் நேராகும் என்ற உத்தரவாதம் இருக்கிறது. விற்பது அதைத்தானே.

நேரத்தைப் பார்க்கிற கையும் இதற்கு வேண்டும். நல்ல பியூட்டிஷியன் கிரீம் போட்ட பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பிடரியிலிருந்து நாலு இழையைப் பிரித்து, கிரீமை வழித்துவிட்டு, சீப்பின் வால் நுனியில் இரண்டு சுற்றுச் சுற்றி விடுவார். வில் மாதிரித் துள்ளித் திரும்பினால் இன்னும் ஆகவில்லை. சோம்பேறித்தனமாக ஒரு அலையில் வந்து நின்றால் எடுத்துவிடலாம். சுற்றியபடியே சீப்பில் ஒட்டிக்கொண்டு கிடந்தால் தாண்டிவிட்டது. அதிரசப் பாகுக்குப் பதம் பார்ப்பது மாதிரிதான். ஒரு நிமிஷம் அசந்தால் பாகு வேறு பதத்துக்குப் போய்விடும், திரும்ப இறக்க முடியாது. ஒரே தலையிலும் எல்லா இடமும் ஒரே பதத்தில் வராது. பிடரியில் முடி தடிமனாக, சுருள் இறுக்கமாக இருக்கும். நெற்றி ஓரத்தில் பூனை முடி மாதிரி மெல்லிசாக இருக்கும். அதனால் பின்னாலிருந்து தொடங்கி நெற்றியைக் கடைசியில் தொடுவார்கள். நெற்றியிலிருந்து கிரீமைத் தொடங்குகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

தயோ குடும்பத்திலேயே இன்னும் மெல்லிய தம்பிகள் உண்டு. சிஸ்டியமைன், பைசல்ஃபைட் என்று டியூபில் போட்டிருக்கும். பைசல்ஃபைட் காரமே இல்லாமல் நடுநிலைக்குப் பக்கத்தில் வேலை செய்யும், முடி அவ்வளவாக வீங்காது. சாயம் போட்ட முடிக்கும் மெல்லிய முடிக்கும் ஏற்றது. ஆனால் இறுகிய சுருளில் அதன் வேலை பெரிதாகத் தெரியாது. சிஸ்டியமைன் இரண்டுக்கும் நடுவில். வாசனை சில நாளைக்கு முடியிலேயே தங்கும். தலை நனையும்போதெல்லாம் ஞாபகப்படுத்தும்.

இரண்டாவது குடும்பம் ஹைட்ராக்சைடு. இது நம் ஊர்ப் பார்லரில் அபூர்வம், அமெரிக்காவின் கறுப்பினப் பெண்களின் தலையில் ஒரு நூற்றாண்டு வரலாறு. கிளீவ்லாண்டில் தையல் மெஷின் பழுது பார்த்துக்கொண்டிருந்த காரெட் மார்கன், வேகமாக ஓடும் ஊசி கம்பளித் துணியைப் பொசுக்காமல் இருக்க ஒரு திரவம் கலந்தாராம். கையைத் துடைத்த துணியில் கம்பளி இழைகள் நேராகிக் கிடப்பதைப் பார்த்தாராம். பக்கத்து வீட்டுச் சுருட்டை முடி நாயின் மேல் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு தன் தலையிலேயே போட்டுக்கொண்டார் என்பது கதை. கதையில் எவ்வளவு மசாலா என்பது வேறு விஷயம். 1913-ல் அவர் தன் பெயரிலேயே ஒரு கம்பெனி தொடங்கி அந்தக் கிரீமை விற்றது உண்மை. 1954-ல் சிகாகோவில் ஜார்ஜ் ஜான்சன் தொடங்கிய கம்பெனி, ரிலாக்ஸரை (சுருளைத் தளர்த்தும் கிரீமுக்கு அங்கே அதுதான் பெயர்) பார்பர் கடையிலிருந்து வீட்டுக் குளியலறை வரை கொண்டுபோனது. 1971-ல் அது அமெரிக்கப் பங்குச் சந்தை ஒன்றில் பட்டியலிடப்பட்டது. கறுப்பினத்தவருக்குச் சொந்தமான கம்பெனி ஒன்று அங்கே ஏறியது அதுதான் முதல் முறை.

அந்த ரிலாக்ஸரில் இருந்தது சோடியம் ஹைட்ராக்சைடு. காஸ்டிக் சோடா என்றால் நமக்குச் சட்டென்று புரியும். பி.ஹெச். 12-லிருந்து 14 வரை. இது கந்தகக் கட்டை அவிழ்த்துக் கட்டுவதில்லை. இரண்டு கந்தகத்தில் ஒன்றை அப்படியே பிடுங்கிவிட்டு வேறு விதமான கட்டாக மாற்றிவிடும். திரும்பி வருகிற பேச்சே கிடையாது. மண்டைத் தோலில் பட்டால் வெந்துவிடும் என்பதால் முன்கூட்டியே பெட்ரோலியம் ஜெல்லி தடவிவிட்டு, நிமிஷக் கணக்கில் முடிப்பார்கள். ‘நோ-லை’, அதாவது காஸ்டிக் சோடா இல்லாதது, என்று பின்னால் வந்ததில் சோடியத்துக்குப் பதில் குவானிடின் ஹைட்ராக்சைடு. எரிச்சல் குறைவு, ஆனால் கால்சியம் படிந்து முடி சொரசொரவென்று உலரும். இதே ரிலாக்ஸரைப் பாதி நேரத்தில் அலசி எடுத்துவிட்டால் அதற்குப் பெயர் டெக்ஸ்சரைசர். சுருளை அழிக்காமல் தளர்த்துவதற்கென்றே அங்கே புழங்கும் முறை அது. பெயர் கேட்க மென்மையாக இருக்கிறது. டப்பாவுக்குள் இருப்பது அதே காரம்தான். மாறியது கடிகாரம் மட்டும்.

இந்தக் குடும்பத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆன்லைனில் ரிலாக்ஸர் கிட் இப்போது சுலபமாகக் கிடைக்கிறது. ஹைட்ராக்சைடு பட்ட முடியில் தயோ படக்கூடாது, தயோ பட்ட முடியில் ஹைட்ராக்சைடு படக்கூடாது. இரண்டும் கந்தகக் கட்டை இரண்டு விதமாகக் கையாளுகின்றன. ஒன்றின் மேல் ஒன்று போனால் முடி நடுவில் ஒடியும். வீட்டில் ஒருமுறை கிட் போட்டுப் பார்த்துவிட்டு, பார்லரில் அதைச் சொல்லாமல் ஸ்மூத்தனிங்குக்கு உட்காருவது முடிக்குச் செய்யும் பெரிய துரோகம்.

உடம்புப் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 33,497 பெண்களை ஏறக்குறைய 11 வருஷம் தொடர்ந்து கவனித்து 2022-ல் ஒரு முடிவை வெளியிட்டது. முடியை நேராக்கும் ரசாயனம் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம், ஆய்வில் சேருமுன் ஒரு வருஷத்தில் நாலு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம். எந்தப் பிராண்டு, எந்த ரசாயனம் என்று அந்த ஆய்வு கேட்டு வாங்கவில்லை. அதனால் இன்னதுதான் குற்றவாளி என்று இதை வைத்துக் கைகாட்ட முடியாது. ஒருமுறை செய்தவர்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டச்-அப் போகிறவர்கள் யோசிக்க வேண்டியிருக்கிறது. சாயம், ப்ளீச், பெர்ம் ஆகியவற்றுக்கு இந்தத் தொடர்பு அதில் தென்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, மூன்றாவது குடும்பம். பார்லரில் ‘மைல்டு’ என்ற சொல் அதிகம் காதில் விழுவது இங்கேதான்: கெரட்டின், போடாக்ஸ், நானோபிளாஸ்டியா, சிஸ்டீன். முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஹேர் போடாக்ஸில் முகத்தில் ஊசி போடும் போடாக்ஸ் துளியும் கிடையாது. கெரட்டின் ட்ரீட்மென்டில் கெரட்டின் இருக்கும், ஆனால் முடியை அடக்குவது அது இல்லை. புரதத் துணுக்குகளைத் தலையில் தடவினால் முடி நேராகும் என்றால் முட்டை தடவியே நேராக்கியிருக்கலாம். வேலை செய்வது பாட்டிலின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கிற ஆல்டிஹைடோ அமிலமோதான். கூடவே 230 டிகிரிக்குப் பக்கத்தில் சூடேறிய அயர்ன்.

பிரேசிலிலிருந்து 2000களில் இந்த முறை கிளம்பியபோது அதில் இருந்தது ஃபார்மால்டிஹைடு. பள்ளிக்கூட லேபில் தவளையை ஊறப் போட்டிருப்பார்களே, அந்த ஃபார்மலின். புரத இழைகளை நீட்டிப் பிடித்த நிலையில் ஒன்றோடொன்று தைத்துவிடும் தன்மை அதற்கு உண்டு. 2004-லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பட்டியலில் வைத்துவிட்டது. அதற்குப் பிறகும் வியாபாரம் சூடுபிடித்தது எப்படி? லேபிளில் பெயரை மாற்றினார்கள். தண்ணீரில் கரைந்த ஃபார்மால்டிஹைடு மெத்திலீன் கிளைக்கால் என்ற வடிவில் இருக்கும். அந்தப் பெயரைப் போட்டுவிட்டு ‘ஃபார்மால்டிஹைடு இல்லை’ என்று முன்பக்கம் அச்சடித்தார்கள். அயர்ன் பட்டதும் அது வாயுவாகிக் கண்ணையும் தொண்டையையும் எரித்தது. 2010-ல் ஒரிகன் மாநிலத்தில், இல்லை என்று எழுதியிருந்த பாட்டில்களைச் சோதித்தபோது 6.8 முதல் 11.8 சதவீதம் வரை இருந்தது. 2011-ல் அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறை எச்சரிக்கை விட்டது.

இந்தக் கதையில் நம் கண்ணில் படாத ஒருவர் இருக்கிறார்: அயர்ன் பிடிக்கிற பெண். நாம் வருஷத்துக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் அந்தப் புகையில் உட்காருகிறோம். அவள் கதவைச் சாத்திய ஏ.சி. அறையில் நாளைக்கு இரண்டு தலை, மூன்று தலை பார்க்கிறாள். பெரும்பாலும் முகத்தில் ஒரு துணி மாஸ்க். வாயுவுக்கு அது ஒன்றும் செய்யாது. ‘மைல்டு’ என்று சொன்ன அந்தப் பெண்ணின் கண்ணோரம் சிவந்திருந்ததை நான் வெளியே வந்த பிறகுதான் யோசித்தேன்.

ஃபார்மால்டிஹைடுக்குக் கெட்ட பேர் வந்ததும் அந்த இடத்துக்கு வந்தது கிளையாக்ஸிலிக் அமிலம். இன்றைக்கு ‘ஃபார்மால்டிஹைடு ஃப்ரீ’ என்று விற்கிற பலவற்றில் இருப்பது இதுவோ இதன் வாரிசுகளோதான். லேபிளில் ‘கிளையாக்ஸிலாய்ல் கார்போசிஸ்டீன்’ என்று நீளமாக வரும். சிஸ்டீன் ட்ரீட்மென்ட் என்ற பெயர் சில கம்பெனிகளில் இதிலிருந்து வந்ததுதான். காரம் கிடையாது, முட்டை நாற்றம் கிடையாது, கண் எரிச்சல் குறைவு, முடி பட்டு மாதிரி வழுக்கும். டைசல்ஃபைடு கட்டை அவ்வளவாகத் தொடாததால் நாலைந்து மாதத்தில் சுருள் திரும்பி வந்துவிடும். முடிக்கு மைல்டு என்று சொன்னால், அயர்ன் சூட்டைக் கழித்துவிட்டு, ஒப்புக்கொள்ளலாம். சாயம் போட்ட முடியில் நிறம் ஒரு படி வெளுக்கும் என்பது மட்டும் கூடுதல் செலவு.

ஆனால் சிறுநீரகத்துக்கு? 2024 மார்ச்சில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் துனிசியாவைச் சேர்ந்த 26 வயதுப் பெண் ஒருவரைப் பற்றிக் கடிதம் ஒன்று வந்தது. 2020, 2021, 2022 என்று மூன்று முறை பார்லரில் முடியை நேராக்கிக்கொண்டார். மூன்று முறையும் வாந்தி, காய்ச்சல், முதுகு வலி. மூன்று முறையும் சிறுநீரகம் திடீரென்று முடங்கியது. செய்துகொள்ளும்போது மண்டையில் எரிச்சல் இருந்ததாகவும், பிறகு புண் வந்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார். கிரீமில் 10 சதவீதம் கிளையாக்ஸிலிக் அமிலம். அதே கிரீமை எலிகளின் முதுகில் தடவிப் பார்த்தபோது சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் சேர்ந்தன. தோல் வழியாக உள்ளே போன அமிலம் உடம்பில் ஆக்ஸலேட்டாக மாறுகிறது என்பதுதான் விளக்கம். இஸ்ரேலில் அதற்கு முன்பே 26 பெண்களின் கதை பதிவாகியிருந்தது. மூன்று பேருக்குத் தற்காலிக டயாலிசிஸ் தேவைப்பட்டது. எத்தனையோ லட்சம் பேர் செய்துகொள்கிற ஒன்றில் இது அபூர்வம்தான். எல்லாரும் பயந்து ஓட வேண்டும் என்பதில்லை. ஆனால் சிறுநீரகக் கல் வந்தவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தத்தால் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்கள், மண்டையில் புண்ணோ சொறியோ இருப்பவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. மற்றவர்களும் கிரீமை வேரிலிருந்து ஒரு விரல் கடை தள்ளிப் போடச் சொல்ல வேண்டும். எரிந்தால் ‘கொஞ்ச நேரம் பொறுங்கக்கா’ என்பதைக் கேட்கக் கூடாது. இரண்டு நாளில் வாந்தியும் இடுப்பு வலியும் வந்தால், தலையில் என்ன போட்டோம் என்பதை டாக்டரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். நாமாகச் சொன்னால் தவிர அவருக்கு அது தோன்றாது.

கர்ப்பமாக இருக்கிறவர்களும் பால் கொடுக்கிறவர்களும் இந்த மூன்று குடும்பத்தையும் தள்ளி வைப்பது நல்லது. அதில் பேரம் பேச ஒன்றுமில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியில் பாதி, தலையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதில் அடங்கிவிடுகிறது. நம் வீடுகளில் அது பெரும்பாலும் மருதாணி. அரைத்த மருதாணி முடியோடு ஒட்டிப் படலமாக நிற்கும். தயோ ஒரு இடத்தில் இறங்கும், ஒரு இடத்தில் இறங்காது, முடி திட்டுத் திட்டாகத் தளரும். அதைவிட ஆபத்து, ஹென்னா என்ற பெயரில் வரும் கலவைச் சாயங்கள். சிலவற்றில் உலோக உப்பு இருக்கும். அது நியூட்ரலைசரில் இருக்கிற பெராக்சைடோடு சேர்ந்தால் முடி சூடேறும், ஒடியும். இதற்குப் பழைய சோதனை ஒன்று இருக்கிறது. 30 மில்லி 6 சதவீத பெராக்சைடில் 20 சொட்டு அம்மோனியா விட்டு, வெட்டிய முடியை அரை மணி நேரம் போட்டு வைக்க வேண்டும். சூடேறினாலோ, கெட்ட வாடை வந்தாலோ, முடி பிய்ந்தாலோ உள்ளே உலோகம் இருக்கிறது. கண்ணாடிக் கிண்ணத்தில், காற்றாட, பார்லரிலேயே செய்யச் சொல்லுங்கள். வீட்டு அடுக்களைக்கு வேண்டாம்.

அப்புறம் முடியின் பலம். ஒரு இழையை நனைத்து இரண்டு விரலால் மெல்ல இழுத்தால், நல்ல முடி கொஞ்சம் நீண்டு, விட்டதும் திரும்பும். நீண்டு திரும்பாமல் ஊறிய சேமியா மாதிரித் தொங்கினால் அதில் கட்டு மிச்சமில்லை. எந்த மைல்டும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கிப் புரதம் கழுவிப் போவதைக் குறைக்கும் என்பது ஆய்வில் தெரிந்த விஷயம், பாட்டி சொன்னது வீணில்லை. ஆனால் எண்ணெய்த் தலையோடு நாற்காலியில் உட்கார்ந்தால் கிரீம் இறங்காது.

பலர் யோசிக்காத இன்னொன்று வளர்ச்சி. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளரும். தயோவில் தளர்த்திய முடி அப்படியே இருக்கும். வேரில் பழைய சுருட்டை வரும். ஆறு மாதத்தில் நாலு விரல் கடை சுருட்டை, அதற்குக் கீழே அலை. முழு நேர்முடியாக்கியவர்களுக்கு இந்த எல்லைக் கோடு அப்பட்டமாகத் தெரியும், முடி ஒடிவதும் அந்தக் கோட்டில்தான். தளர்த்தி மட்டும் விட்டவர்களுக்கு வேரின் சுருளும் நுனியின் அலையும் அவ்வளவாக முரண்டு பிடிக்காது. டச்-அப்பை வருஷத்துக்குத் தள்ளிப் போடலாம். டச்-அப்பில் புதுமுடிக்கு மட்டும் கிரீம் போக வேண்டும். பழைய முடிமேல் வழிய விட்டால் முன்னே சொன்ன சேமியாதான்.

நானே முடிவு சொல்ல வேண்டுமென்றால், சுருள் வேண்டும் ஆனால் அடங்கிய சுருள் வேண்டும் என்பவர்களுக்கு, குறைந்த நேரம் வைத்த தயோ அல்லது சிஸ்டியமைன், அயர்ன் இல்லாமல். பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாமல் ஆசைக்குப் பார்ப்பவர்களுக்குக் கழுவிப் போகும் மூன்றாவது குடும்பம் தோதாகத் தோன்றும். லேபிளைப் படித்த பிறகு அந்த ஆசை நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

அக்கா மகள் கதைக்கு வருகிறேன். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “டியூபைக் காட்டுங்க” என்று கேட்டோம். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கி, உள்ளே போய் எடுத்து வந்தாள். ஸ்மூத்தனிங் டியூபில் தயோ. கெரட்டின் பாட்டிலில் கிளையாக்ஸிலிக். போடாக்ஸ் டப்பாவிலும் அதே கிளையாக்ஸிலிக், வேறு வாசனையோடு, கெரட்டினைவிட ஆயிரத்தைந்நூறு ரூபாய் கூட. பிடரிக்கு அடியிலிருந்து மூன்று கொத்து இழையை வெட்டி, தயோவில் ஒன்றைப் பத்து நிமிஷம், ஒன்றைப் பதினெட்டு நிமிஷம், ஒன்றைச் சும்மாவும் வைத்துப் பார்க்கச் சொன்னோம். காசு கொடுக்கிறோம் என்றதும் அவளுக்கும் ஆர்வம் வந்துவிட்டது. “இப்படி யாரும் கேட்டதில்லக்கா” என்றபடி நூல் கட்டி, அடையாளம் போட்டு, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தாள்.

ஒரு மாதம் அக்கா மகள் தலைக்குக் குளிக்கும்போதெல்லாம் அந்த மூன்று கொத்தையும் வீட்டு போர் தண்ணீரில் அலசிக் காய வைத்தாள். பதினெட்டு நிமிஷக் கொத்து நுனியில் வெடித்துவிட்டது. பத்து நிமிஷக் கொத்து காய்ந்த பிறகும் காவிரி மணல் மாதிரி வரி வரியாக நின்றது. “இதுதான் சித்தி” என்றாள். அதற்குள் கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. முகூர்த்தத்துக்கு எப்படியும் ஜடை தைத்துப் பூவால் மூடிவிடப் போகிறார்கள், இப்போது என்ன அவசரம் என்று அக்கா சொன்னதில் நியாயம் இருந்தது. சுருட்டை முடியோடுதான் தாலி ஏறியது. கவர் இன்னும் அவள் ஹேண்ட்பேகில் இருக்கிறது. மாப்பிள்ளை ஒருநாள் திறந்து பார்த்துவிட்டு, இது யாருடைய முடி என்று கேட்டாராம்.